விருந்து விலையாகும்போது: கனமூலைக் கரையும் கொழும்பு ஹோட்டலும்

'ஹோட்டல்' என்னும் சொல் நம் பேச்சு வழக்கிலே இருவேறு பொருள்களில் வழங்குகின்றது. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், மதுரங்குளியை அடுத்துள்ள கனமூலையிலே ஒருவர் "ஹோட்டலுக்குப் போயிட்டு வாறன்" என்பாராயின், தேநீரும் பராட்டாவும் கிடைக்கும் தெருவோரக் கடையையே அவர் கருதுகின்றார். அதே கிராமத்தில் ஒரு தாய், "மகன் ஹோட்டல்ல வேலை" என்பாராயின், அது கொழும்பிலோ டோஹாவிலோ துபாயிலோ உள்ள பன்மாடிக் கட்டிடமாகும். முன்னையது காசு கொடுத்து உண்ணும் இடம். பின்னையது உழைப்பை விற்கும் இடம். இவ்விரு வழக்குகளிலும் ஒரு பொருள் விடுபட்டிருத்தல் மனங்கொள்ளத்தக்கது. ஹோட்டல் என்பது தாம் சென்று தங்கும் இடம் என்னும் கருத்து இக்கரை மக்களின் சொல்லாட்சியில் இன்றும் வேரூன்றவில்லை. விடுபட்ட அப்பொருளையே நாம் ஈண்டு நோக்க முனைகின்றோம். அலுவல் நிமித்தமாகவோ பொழுதுபோக்குக்காகவோ ஒருவர் நகரத்து நாகரிக ஹோட்டல் ஒன்றில் ஓர் இரவு தங்கும்போது அவர் வாங்குவது எதனை? அவருக்கு விற்கப்படுவது எது?

இவ்வினா எம்முள் எழுந்த சூழலைக் கூறுதல் தகும். விளிம்புநிலை மக்களின் இலக்கியம் பற்றிய ஆய்வரங்கு ஒன்றின் பொருட்டுக் கொழும்பு நகர மையத்திலுள்ள நட்சத்திர ஹோட்டல் ஒன்றில் இரு இரவுகள் தங்க நேர்ந்தது. (பொருளுக்கும் இடத்துக்குமுள்ள முரண் அழைப்பிதழ் கிடைத்தபோதே எமக்குப் புலப்பட்டிருக்க வேண்டும், புலப்படவில்லை.) அறையைச் சீர்செய்ய வந்த இளைஞர் எம்மைச் 'சேர்' என விளித்தார். ஆங்கிலத்தில் இரு வாக்கியங்கள், பின்னர் சிங்களத்தில் ஒன்று, அதன் பின்னரே தமிழ். அவர் பேசிய தமிழின் ஓசை புத்தளப் பகுதியினது என்பதை அறிந்து ஊரை வினவினோம். எம் ஊரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள கரையோரக் கிராமம் ஒன்றைச் சொன்னார். நாம் கனமூலை என்றதும், 'சேர்' மறைந்து 'நானா' வந்தது. சில நிமிடங்கள் களப்பைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார். வெளியே நடைபாதையில் மேற்பார்வையாளரின் காலடி ஓசை கேட்டதும் மீண்டும் 'சேர்'. மறுநாள் உணவுக்கூடத்தில் எம்மைக் கண்டபோதும் 'சேர்' தான். நாம் அதை அவருடைய அச்சமென்று கொள்ளவில்லை. அவருடைய தொழிற்றிறன் என்றே கொண்டோம். 'நானா' என்னும் உறவு அந்த ஹோட்டலில் விற்பனைக்குரியதன்று; 'சேர்' விற்பனைக்குரியது. விற்கப்படாத ஒன்றை விற்பனைக் கூடத்தில் வைப்பதற்கு அவருக்கு அனுமதியில்லை.

பண்டம் என்ற நிலையில் ஹோட்டல் அறைக்கு ஒரு தனித்தன்மையுண்டு. புத்தளத்திலும் பாலாவியிலும் உப்பு விளைகின்றது. உப்பைக் குவித்து, ஓலை வேய்ந்து, விலை ஏறும்வரை காத்திருக்கலாம். ஓர் இரவைக் குவித்து வைக்க முடியாது. செவ்வாய் இரவு விற்கப்படாத அறை புதன் காலையில் இல்லாத பண்டமாகிவிடுகின்றது. போக்குவரத்து என்னும் உற்பத்தித் துறையைப் பற்றி மார்க்ஸ் 'மூலதனம்' நூலின் 2ஆம் பாகத்தில் (1885) கூறும் இயல்பு இதற்கும் பெரிதும் பொருந்தும். அதன் பயன் உற்பத்தியாகும் கணத்திலேயே நுகரப்படுகின்றது. அச்செயலிலிருந்து பிரித்தெடுத்துச் சந்தைக்குக் கொண்டுசெல்லத்தக்க பொருளாக அது இருப்பதில்லை. ஒரே அறைக்கு ஒரே வாரத்தில் பல விலைகள் வழங்குவதன் காரணம் இதுவே. நிலத்துக்கும் கட்டிடத்துக்கும் இட்ட முதலீடும் அதற்குரிய வட்டியும் அறை நிறைந்தாலும் வெறுமையாயினும் மாறுவதில்லை. ஆகவே முகாமையாளர் நாள்தோறும் நிரம்பிய அறைகளின் வீதத்தைக் கணக்கிட்டு, விலையை ஏற்றியும் இறக்கியும் இரவை விற்றுத் தீர்க்க முயல்கின்றார். இன்று இக்கணக்கைக் கணினியே செய்கின்றது.

அலுவலுக்காக வருபவரும் உல்லாசத்துக்காக வருபவரும் ஒரே கட்டிலில் உறங்கினும் பொருளியல் நோக்கில் இருவரும் ஒருவரல்லர். முன்னவரின் கட்டணத்தைக் கொம்பனி செலுத்துகின்றது. அது மூலதனத்தின் சுற்றோட்டச் செலவின் ஒரு பகுதி. ஒப்பந்தத்தில் ஒட்டும் முத்திரையைப் போன்றது. பின்னவர் தம் ஊதியத்திலிருந்து அல்லது வருவாயிலிருந்து செலுத்துகின்றார். உழைத்துக் களைத்தவர் மீண்டும் உழைப்பதற்குத் தம்மைத் தேற்றிக்கொள்ளும் செலவு அது. வாரநாட்களில் முன்னவராலும் வார இறுதியில் பின்னவராலும் நகர ஹோட்டல் நிரம்புகின்றது. கொழும்பில் இவ்விரண்டுக்கும் மேலாகத் திருமண மண்டபம் இருக்கின்றது. வசதி படைத்த முஸ்லிம் வணிகக் குடும்பங்களின் வலீமா விருந்தும் இம்மண்டபங்களுக்கு இடம்பெயர்ந்துள்ளது. ஊரார் கூடிச் சமைத்து, ஒரு சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ட விருந்து தலைக்கு இவ்வளவு என்னும் விலைக்கு வந்துவிட்டது.

ஹோட்டல் தரும் பற்றுச்சீட்டு ஊன்றிப் படிக்க வேண்டிய ஒரு பனுவலாகும். அறை விலையின் மேல் 10 வீதம் சேவைக் கட்டணம் சேர்கின்றது. பெறுமதிசேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதம். சேவைக் கட்டணம் தொழிலாளரிடையே பகிரப்படுவது வழக்கம். அடிப்படைச் சம்பளம் குறைவாகவும் சேவைக் கட்டணப் பங்கு அதற்கு ஈடாகவோ மிகையாகவோ அமையும் இடங்கள் உண்டு. இதன் விளைவு யாது? விருந்தினர் வருகை குறையும்போது அந்நட்டத்தின் ஒரு பங்கை முதலாளியோடு தொழிலாளியும் ஏற்கின்றார்; இலாபத்தில் அவ்வாறு பங்கில்லை. இலங்கைக்கு 2018இல் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட உல்லாசப் பயணிகள் வந்தனர். கொள்ளைநோய்க் காலமாகிய 2021இல் அத்தொகை 2 இலட்சத்துக்கும் கீழே சென்றது. அவ்வாண்டுகளில் வேலையை இழக்காதவர்களும் வருமானத்தை இழந்தனர்.

விற்கப்படுவது கட்டிலும் குளிர்காற்றும் மட்டுமன்று. அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹொக்ஷில்ட் 1983இல் வெளியிட்ட நூலில், விமானப் பணிப்பெண்களின் புன்னகை எவ்வாறு பயிற்சியாலும் மேற்பார்வையாலும் உற்பத்தி செய்யப்படுகின்றது என்பதை ஆராய்ந்து, உணர்ச்சியும் ஒருவகை உழைப்பாகிவிட்டதைக் காட்டினார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே ஜோர்ஜ் ஓர்வெல், பாரிஸ் ஹோட்டல் ஒன்றின் நிலவறையில் பாத்திரம் கழுவிய அனுபவத்தை 1933இல் நூலாக்கியபோது, சமையற்கூடத்துக்கும் உணவுக்கூடத்துக்கும் இடைப்பட்ட கதவைக் கடக்கும் பரிசாரகரின் முகமும் தோளும் நடையும் ஒரு நொடியில் மாறுவதைப் பதிவு செய்திருந்தார். 'நானா' 'சேர்' ஆகிய கணம் அக்கதவின் நம் நாட்டு வடிவமே. கொழும்புக் கோல்பேஸ் ஹோட்டலின் வாயிலில் கைகூப்பி நின்ற கொட்டாரப்பட்டு சாத்துக் குட்டனை நாட்டில் அறியாதார் குறைவு. கேரளத்திலிருந்து வந்து 1942இல் பணியில் அமர்ந்து, 2014இல் தம் 94ஆம் வயதில் மறையும்வரை அவ்வாயிலோடு இணைந்திருந்தவர். அவரது வெண்மீசையும் கூப்பிய கையும் ஹோட்டலின் இலச்சினை போலாயின. உழைப்பாளி ஒருவர் இத்துணைப் புகழ்பெறுதல் அரிது. ஆயினும் அப்புகழுங்கூட வரவேற்றலாகிய அவர்தம் உழைப்பு ஹோட்டலின் சொத்தாக மாறியதன் சாட்சியே.

பழந்தமிழில் 'விருந்து' என்பது புதுமையைக் குறித்த சொல். தொல்காப்பியச் செய்யுளியலில் வனப்பு எட்டனுள் ஒன்றாகிய விருந்தும் புதுமை பற்றியதே. புதியராய் வந்தவர் விருந்தினர். பின்னர் அவருக்கு இட்ட உணவும் விருந்தாயிற்று. வள்ளுவர் இதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இவற்றைக் கொண்டு, முன்னொரு காலத்தில் தமிழர் யாவரும் யாவர்க்கும் வாயில் திறந்திருந்தனர் என முடிவு கட்டுவோர் உளர். அது ஆய்வாகாது. சிலப்பதிகாரத்திலே கண்ணகி தான் இழந்தவற்றைக் கூறும்போது குறிப்பிடும் ஏற்போர் அறவோரும் அந்தணரும் துறவோரும் விருந்தினருமே. செல்வமுடைய இல்லத்தின் கடமையாக அது அமைந்தது. அதன் உழைப்பு அடுக்களையில் நின்ற பெண்களுடையதும் ஏவலருடையதுமாகும்.

நம் கரைக்கு இப்பொருள் தொடர்பாக வியக்கத்தக்க ஒரு சான்று உண்டு. 1344இல் மாலைதீவிலிருந்து புறப்பட்ட இப்னு பதூதா காற்றால் அலைப்புண்டு 'பத்தாலா' என்னும் துறையை அடைந்தார். அது புத்தளமே என்பது ஆய்வாளர் பொதுவாக ஏற்கும் கருத்து. அங்கிருந்த ஆரியச் சக்கரவர்த்தி அவரை மூன்று நாட்கள் விருந்தினராக ஏற்றான். அவனுக்குப் பாரசீகம் விளங்கியது. முத்துக்களை வழங்கியதோடு, பாவாதமலைக்குச் செல்லப் பல்லக்கும், வழித்துணையாக யோகியர், பிராமணர், உணவு சுமப்போர் எனப் பலரையும் கொடுத்தனுப்பினான். அடுத்துத் தங்கிய 'மன்னார் மந்தலி' என்ற ஊரினர் எருமைக் கன்றின் இறைச்சி, சோறு, நெய், மீன், கோழி, பால் ஆகியன கொண்டு விருந்தளித்தனர் எனப் பயணி எழுதுகின்றார். அவ்வூரை முந்தலோடு இணைத்துக் காண்போர் உளர். அவ்வாறாயின் கனமூலைக்கு அயலிலேயே அவ்விருந்து நிகழ்ந்துள்ளது.

இதனையும் நாம் உணர்ச்சிவயப்பட்டு நோக்கலாகாது. இப்னு பதூதா மஅபர் என வழங்கிய மதுரைச் சுல்தானோடு மணவழி உறவினர். அதனை அவர் முன்னரே அறிவித்தார். கடல் வணிகத்தில் ஈடுபட்ட அரசனுக்கு அவ்வுறவு பயனுடையது. விருந்து அரசியலாகவும் இருந்தது. ஆயினும் மற்றொரு குறிப்பு முக்கியமானது. இந்தியாவின் இந்துக்கள் முஸ்லிம்களுக்குத் தம் கலங்களில் உணவிடமாட்டார் என்றும், இத்தீவினரோ முஸ்லிம் துறவிகளைத் தம் இல்லத்தில், மனைவி மக்களிடையே தங்கவைத்து உண்பிப்பர் என்றும் அவர் வேறுபடுத்துகின்றார். யார் வீட்டில் தங்கலாம், யார் கலத்தில் உண்ணலாம் என்பது நம் சமூகத்தின் அடிப்படை வினாக்களுள் ஒன்றாக நெடுங்காலம் இருந்து வந்துள்ளது.

அவ்வினாவைப் பணம் ஓரளவு உடைத்தது என்பதை மறைத்தல் நேர்மையாகாது. மடமும் சத்திரமும் சாதி பார்த்தன. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் உணவகம் ஒன்றின் பெயர்ப்பலகையிலிருந்த 'பிராமணாள்' என்னும் சொல்லை எதிர்த்துப் பெரியார் கிளர்ச்சி நடத்தவேண்டியிருந்தது. அதே 1957இல் இலங்கையில் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேறிய பின்னரும், 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளுள் நுழைவதற்குத் தாழ்த்தப்பட்ட மக்கள் போராட நேர்ந்தது. கே. டானியலின் 'பஞ்சமர்' (1972) அக்காலப் போராட்டங்களிலிருந்து எழுந்த நாவல். இப்பின்னணியில், பணம் செலுத்தும் எவருக்கும் ஒரே கோப்பையில் தேநீர் வழங்கும் ஹோட்டல் ஒரு முன்னேற்றமே. மூலதனம் பழைய வேலிகளைத் தகர்க்கும் ஆற்றலுடையது. தகர்த்த இடத்தில் அது நாட்டும் புதிய வேலிக்கு விலைப்பட்டியல் என்று பெயர். பழைய வேலியின் முன் நின்றவர் தாம் அவமதிக்கப்படுவதை அறிந்திருந்தார். புதிய வேலியின் முன் நிற்பவர் தமக்கு வசதியில்லை என்று மட்டும் எண்ணித் திரும்புகின்றார்.

குடியேற்றக் காலத்து ஹோட்டல்கள் இனவேலியையும் கொண்டிருந்தன. பம்பாயின் வாட்சன் ஹோட்டலில் ஜம்ஷெட்ஜி டாட்டா நுழைவு மறுக்கப்பட்டதாலேயே 1903இல் தாஜ்மகால் ஹோட்டல் திறக்கப்பட்டது என்னும் கதைக்கு ஆதாரம் வலுவாக இல்லை. ஆயினும் மக்கள் அக்கதையை நம்பி வழங்கியமை அக்காலத்து உண்மையொன்றைக் காட்டுகின்றது. கொழும்பில் கோல்பேஸ் ஹோட்டல் 1864இலும், படைவீடாக இருந்த கட்டிடத்தை மாற்றியமைத்த கிராண்ட் ஓரியண்டல் ஹோட்டல் 1875இலும் தோன்றின. இடைப்பட்ட 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்டதை நினைவுகூர்ந்தால் இவற்றின் தோற்றுவாய் தெளிவாகும். கப்பலிலிருந்து இறங்கும் தோட்டத்துரைக்கும் வணிகனுக்கும் துறைமுகத்தோரம் ஒரு கட்டில் தேவைப்பட்டது. சுதந்திரத்தின் பின், அந்நியச் செலாவணி தேடி அரசே இத்துறையை வளர்க்க முனைந்து 1966இல் உல்லாசப் பிரயாண சபையை அமைத்தது. 1973இல் இன்டர்கொன்டினென்டல் திறக்கப்பட்டது. 1977இன் திறந்த பொருளாதாரம் நகர மையத்தை மேலும் மாற்றியது. 2017இல் காலிமுகத்திடலில், இராணுவத் தலைமையகம் இருந்த நிலத்தில் ஷங்ரிலா எழுந்தது. படைவீடு ஹோட்டலான கதை 142 ஆண்டுகளின் பின் மீண்டும் நிகழ்ந்தமை ஒரு தற்செயலாயினும், நகரின் நிலம் எவற்றின் கையில் மாறி மாறி இருந்துள்ளது என்பதை அது காட்டுகின்றது.

நாகரிகப் பாணி எனப்படுவது யாது? நாம் தங்கிய ஹோட்டலின் வரவேற்புக் கூடத்தில் இறால் கூட்டின் வடிவில் பின்னப்பட்ட விளக்குகள் தொங்கின. களப்பில் ஒருவர் இடுப்பளவு நீரில் நின்று இடும் கருவி, நீரும் சேறும் நீங்கி, ஒளி சிந்தும் அணியாகிவிட்டது. உள்ளூர்க் கைவினையைக் கட்டிடக்கலையோடு இணைத்த ஜெஃப்ரி பாவாவின் ஆக்கங்கள் மதிப்புக்குரியவை. அவரைப் பின்பற்றியோர் பலரிடம் எஞ்சியது அலங்காரமே. பயன்பாட்டுப் பெறுமதி இழந்த கருவி குறியீடாகி விலையேறுகின்றது. அதனைப் பின்னத் தெரிந்தவரின் மகன் அதன் கீழே பெட்டிகளைத் தள்ளிச் செல்கின்றார் என்று எழுதினால் வாசகர் மிகை என்பர். புத்தளம் கரையை அறிந்தோர் அவ்வாறு கூறார்.

ஏனெனில் இக்கரைக்கும் அவ்வறைக்கும் உள்ள தொடர்பு விளக்கோடு நிற்பதில்லை. நுரைச்சோலையில் 2011இல் முதற்கட்டம் இயங்கத் தொடங்கி 900 மெகாவாற்றாக விரிந்த நிலக்கரி மின்னிலையம் தேசிய மின்வலையின் பெருந்தூண். நகரத்துக் குளிரறைகளின் குளிர் அதன் புகையோடு பிணைந்தது. 1980கள் முதல் கண்டல் காடுகளை அழித்து இறால் பண்ணைகள் பரவின. 1996இல் வெண்புள்ளி நோய் பரவியபோது பல பண்ணைகள் கைவிடப்பட்ட குழிகளாயின. கற்பிட்டியின் 14 தீவுகளை உல்லாச வலயமாக்கும் திட்டத்தால் கடற்கரைக்கும் வாடிக்கும் செல்லும் வழி அடைபடுமென மீனவர் எதிர்ப்புக் கொண்டனர். இவையாவும் இங்கிருந்து செல்பவை பற்றியவை. அங்கிருந்து வருவதும் ஒன்றுண்டு. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டனர். அதன்பின் கொழும்பின் கழிவைப் புத்தளம் மாவட்டத்து அறுவக்காட்டில் கொட்டும் திட்டம் முன்தள்ளப்பட்டது. புத்தளத்து மக்கள் இன, மத வேறுபாடின்றி மாதக்கணக்கில் மறியல் இருந்தனர். ஆயினும் 2019இல் கழிவு வந்து சேர்ந்தது. அறையில் நாம் இட்ட குப்பைக்கூடை நாளுக்கு இருமுறை வெறுமையாக்கப்பட்டது. அது எங்கே செல்கின்றது என்பதைத் தங்குபவர் அறியாதிருத்தலும் அவர் வாங்கும் வசதியின் ஒரு பகுதியே. பண்டம் தன் பிறப்பை மறைக்கும் என்றார் மார்க்ஸ். ஹோட்டல் இரவு தன் எச்சத்தையும் மறைக்கின்றது.

2019 ஏப்ரல் 21 அன்று கொழும்பின் மூன்று ஹோட்டல்களும் மூன்று தேவாலயங்களும் தாக்கப்பட்டன. காலை உணவுக்கு அமர்ந்தவரும் அவர்க்குப் பரிமாறியவரும் ஒருங்கே மாண்டனர். மே 13இல் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம் ஊர்கள் தாக்கப்பட்டன. புத்தளம் மாவட்டமும் தப்பவில்லை. மார்பிலே பெயர்ப்பட்டி அணிந்து பணியாற்றும் முஸ்லிம் இளைஞருக்கு அப்பெயர் சுமையான காலம் அது. விருந்தினரின் நம்பிக்கையே பண்டமாகவுள்ள தொழிலில் ஐயம் முதலில் யார்மேல் விழும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

விலையில்லா விருந்தும் இக்கரையில் அண்மைக் காலத்திலே நிகழ்ந்துள்ளது. 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களுட் பெரும்பாலோர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தனர். பள்ளிவாசல்களும் பாடசாலைகளும் தென்னந்தோட்டங்களும் வீட்டு முற்றங்களும் அவர்களுக்குத் திறக்கப்பட்டன. வந்தோரைச் சில நாள் விருந்தினராக ஏற்ற ஏழைக் கிராமங்கள் ஆண்டுக்கணக்கில் நீரையும் பாடசாலை வாங்கையும் கூலிவேலையையும் பகிர நேர்ந்தபோது பூசல்களும் எழுந்தன. 'அகதி' என்னும் சொல் வசையாகவும் வழங்கியது. அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை. வளமின்றி விருந்தோம்பலை நெடுநாள் காத்தல் அரிது. எனினும் வரவேற்புக் கூடமோ விலைப்பட்டியலோ இன்றிப் பல்லாயிரவர் இரவு தங்க இடம்பெற்ற அவ்வரலாறு, விருந்தோம்பற் 'கைத்தொழில்' என்று இன்று பாடவிதானங்களில் இடம்பெறும் தொடரின் அருகே வைத்து நோக்கப்பட வேண்டியது.

லூகாச் தம் 'நாவலின் கோட்பாடு' நூலுக்கு 1962இல் எழுதிய முன்னுரையில், அடோர்னோ உள்ளிட்ட ஜெர்மானிய அறிஞர் சிலர், படுபாதாளத்தின் விளிம்பில் அமைந்த எழில்மிகு ஹோட்டலில் வசதியாகத் தங்கி, உணவுக்கும் கலைக்கும் இடையே பாதாளத்தை நோக்கிக்கொண்டிருப்பதாக எள்ளினார். ஆய்வரங்கின் இரண்டாம் நாள் அவ்வெள்ளல் எம்மை உறுத்தியது. நம் முற்போக்கு இலக்கியம் தோட்டத் தொழிலாளியையும் மீனவனையும் விவசாயியையும் எழுதியது. மாடிக்கு மாடி தள்ளுவண்டி தள்ளும் ஹோட்டல் தொழிலாளி அதில் அரிதாகவே தோன்றுகின்றார். கற்பிட்டியில் 1807இல் பிறந்த சைமன் காசிச்செட்டி 1834இல் இலங்கையின் ஊர்களையெல்லாம் தொகுத்துக் கசற்றியர் ஒன்றை வெளியிட்டார். அக்கரையின் இன்றைய இளைஞர் எந்தெந்த நகரத்து எந்தெந்த மாடியில் படுக்கை விரிக்கின்றனர், எம்மொழியில் பணிகின்றனர், எம்மொழியில் சினங்கொள்கின்றனர், எவ்வளவை ஊருக்கு அனுப்புகின்றனர் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே திரட்டும் பணியை எம் பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கத்தார் மேற்கொள்ளலாம். எம்மோடு பேசிய இளைஞரிடம் இதைக் கூறினோம். மாதத்துக்கு ஒருமுறை நான்கு நாட்கள் ஊருக்கு வருவதாகவும், அப்போது வீட்டுக்கு வரும்படியும் சொன்னார்.